ஓராண்டும் ஆறு தந்திகளும்

ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது, புதுப் புத்தகங்களோடு சில வீடுகளுக்குப் புதிய கிட்டார் ஒன்றும் வந்து சேருகிறது. முதல் வாரம் முழுவதும் வீடு அதன் ஓசையால் நிறைந்திருக்கும். தம்பி தங்கையர் சுற்றி அமர்ந்து வேடிக்கை பார்ப்பர். ஆகஸ்டு மாதத்தில் ஓசை குறையும். காலாண்டுத் தேர்வு வந்ததும் கிட்டார் உறைக்குள் புகும். அரையாண்டுத் தேர்வு முடிந்து பார்த்தால், அது சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். "ஏனம்மா இப்போது வாசிப்பதில்லை?" என்று கேட்டால், "எனக்கு இசை வராது, டீச்சர்" என்று பதில் வரும்.

இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் வருந்துகிறது. ஏனெனில் நானும் மாணவியாக இருந்தபோது இதையே சொன்னவள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கையில், கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியில் கிட்டார் வாசிப்பதாகப் பாடற்குழுவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். டிசம்பரில் தேர்வுகள் வந்துவிட்டன. தேர்வு முடிந்த கடைசி இரண்டு நாள்களில், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் அமர்ந்து வாசித்தேன். விரல் நுனிகள் கொப்பளித்துவிட்டன. திருப்பலியில் இரண்டாம் பாடலின் நடுவே என் விரல்கள் தடுமாறின. குழு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். கையை எடுத்துவிட்டேன். குழு கிட்டார் இல்லாமலே பாடி முடித்தது. அதன்பின் பல ஆண்டுகள் எனக்கு இசை வராது என்றே நம்பியிருந்தேன். பின்னர்தான் புரிந்தது: எனக்கு வராமற்போனது இசையன்று, திட்டம்.

ஆகவே அன்பு மாணவியரே, ஓர் ஆண்டுக்குக் கிட்டார்ப் பயிற்சியைத் திட்டமிடுவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம். பெரம்பலூரிலும் அரியலூரிலும் வாழும் நமக்குப் பள்ளி நாட்காட்டி ஒன்று உண்டு. திருச்சபையின் வழிபாட்டு ஆண்டு ஒன்றும் உண்டு. இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் திட்டம் தீட்ட வேண்டும்.

ஆலயத்தில் கிட்டார்

கிட்டார் திரைப்படத்துக்கும் மேடைக்கும் உரியது, ஆலயத்துக்கு ஏற்றதன்று என்று எண்ணுவோர் இன்றும் உளர். ஆனால் உலகமெங்கும் கிறிஸ்து பிறப்பு விழாவில் பாடப்படும் 'சைலன்ட் நைட்' என்னும் பாடல் முதன்முதலில் ஒலித்தது கிட்டாருடன்தான் என்பதை அறிந்தவர் சிலரே. ஆஸ்திரியா நாட்டில் ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் உதவிக் குருவாக இருந்தவர் ஜோசப் மோர். 1816-ஆம் ஆண்டில் தாம் எழுதிய கவிதையை, 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியரும் ஆலயத்தின் ஆர்கன் இசைஞருமாகிய பிரான்ஸ் சேவியர் குரூபரிடம் அவர் கொடுத்தார். இரு குரல்களுக்கும் கிட்டாருக்கும் பொருந்துமாறு இசையமைக்கக் கேட்டுக்கொண்டார். அன்றிரவே அப்பாடல் அரங்கேறியது. மோர் தம் கைப்படக் கிட்டார் இசையோடு எழுதிவைத்த பிரதி 1995-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. ஒரு குருவும் ஒரு பள்ளி ஆசிரியரும் சிற்றூரில் செய்த செயல் இன்று உலகின் செல்வமாகிவிட்டது.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, குழல் ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பு அளிக்கிறது. அதே 120-ஆம் எண்ணில், வழிபாட்டின் மாண்புக்கு ஏற்றவையாகவும் நம்பிக்கையாளரின் பக்திக்கு உதவுவனவாகவும் இருக்குமாயின், உரிய அதிகாரியின் இசைவுடன் பிற இசைக்கருவிகளையும் பயன்படுத்தலாம் என்று கூறுகிறது. கிட்டார் என்ற பெயர் அங்கே இல்லை. ஆயினும் அதற்கும் ஆலயக் கதவு திறந்தது அந்தச் சொற்களால்தான்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஆலயத்தில் கிட்டார் வாசிப்பவள் தன் திறமையைக் காட்ட வாசிப்பதில்லை; மக்கள் பாடுவதற்குத் தாங்கலாக வாசிக்கிறாள். ஆகவே வேகமும் அலங்காரமும் அவளுக்கு முதல் தேவையல்ல. தாளம் தவறாமை, தடையின்றிக் கை மாற்றுதல், பாடுவோரின் குரலைக் கேட்டு வாசித்தல் ஆகிய மூன்றுமே முதல் தேவை. இம்மூன்றும் இரண்டு நாளில் வருவன அல்ல. ஓராண்டில் நிச்சயம் வரும்.

ஓராண்டு எதற்காக?

கிட்டார் கற்பதில் மூளையைவிட உடல்தான் மெதுவாகக் கற்கிறது. தந்தியை அழுத்தும் இடக்கை விரல் நுனிகள் முதல் சில வாரங்களில் வலிக்கும். பின்னர் அங்கே தோல் சற்றுத் தடித்துக் காய்ப்பு ஏறும், வலி நீங்கும். நாள்தோறும் சிறிது வாசித்தால்தான் இந்தக் காய்ப்பு முறையாக ஏறும். ஒரே நாளில் ஐந்து மணி நேரம் வாசித்தால் கொப்புளமே மிஞ்சும். அது ஆறும்வரை கருவியைத் தொட இயலாது.

மற்றொரு காரணமும் உண்டு. விரல்கள் கற்றதை மூளை உறக்கத்தில் உறுதிப்படுத்திக்கொள்கிறது. 2002-ஆம் ஆண்டு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குறிப்பிட்ட வரிசையில் விரல்களால் தட்டும் பயிற்சியைச் சிலருக்குக் கற்றுக்கொடுத்து, ஓர் இரவு உறங்கச் செய்து மீண்டும் சோதித்தார்கள். இடையில் வேறு பயிற்சி ஏதுமின்றியே அவர்களின் வேகம் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியிருந்தது. அப்படியானால் ஒரே நாளில் செய்யும் ஐந்து மணி நேரப் பயிற்சிக்குப் பின்னால் ஓர் இரவுதான் இருக்கிறது. பதினைந்து நாள்களில் பகுத்துச் செய்யும் ஐந்து மணி நேரத்துக்குப் பின்னால் பதினைந்து இரவுகள் இருக்கின்றன.

இனி ஒரு சிறு கணக்கு. நாளொன்றுக்கு 20 நிமிடம், வாரத்துக்கு 6 நாள். ஒரு வாரத்தில் 2 மணி நேரம் ஆகிறது. ஆண்டில் 52 வாரங்கள் இருப்பினும் 40 வாரங்களை மட்டும் கணக்கில் கொள்வோம். 80 மணி நேரம் சேர்கிறது! சிறு துளி பெருவெள்ளம் என்பது இதுதான். மீதி 12 வாரங்களைத் தேர்வுக்கும், காய்ச்சலுக்கும், ஊர்த் திருவிழாவுக்கும் முன்கூட்டியே விட்டுவிட வேண்டும். "தினமும் ஒரு மணி நேரம் வாசிப்பேன்" என்று ஜூன் மாதத்தில் உறுதி எடுப்பவளின் திட்டம் பெரும்பாலும் ஜூலையில் முறிந்துவிடுகிறது. விடுபடும் நாள்களையும் சேர்த்துத் தீட்டிய திட்டமே ஆண்டு முடியும்வரை நிற்கும்.

கருவியை அறிதல்

தொடக்க மாணவிக்கு நைலான் தந்திகள் பூட்டிய கிட்டார் நல்லது. எஃகுத் தந்தியைவிட அது விரலுக்கு இதமானது. சிறிய கைகளை உடைய பிள்ளைகளுக்கு முக்கால் அளவுக் கிட்டாரும் கிடைக்கிறது. விலையுயர்ந்ததை வாங்குவதைவிட, தந்திகள் கழுத்திலிருந்து மிகவும் உயர்ந்து நில்லாமல், எளிதில் அழுத்தக்கூடியதைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம். வாங்கும் முன் விவரம் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கிட்டாரின் ஆறு தந்திகளுக்கும், தடித்ததிலிருந்து மெல்லியது வரை, இ, ஏ, டி, ஜி, பி, இ என்று பெயர். வீணையில் மெட்டு எனப்படும் குறுக்குக் கம்பிகளுக்குக் கிட்டாரில் ஃப்ரெட் என்று பெயர். ஒவ்வொரு ஃப்ரெட்டும் அரைச் சுரம் உயரம். பன்னிரண்டாம் ஃப்ரெட் தந்தியின் சரிபாதியில் அமைந்திருக்கும். அங்கே அழுத்தி மீட்டினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். இயற்பியல் வகுப்பில் அதிர்வுறும் கம்பியின் விதிகளைப் படிக்கும் மாணவியர், அதிர்வெண் இரட்டிப்பாவதை இங்கே காதாலேயே கேட்டு அறியலாம். திறந்த ஏ தந்தி நொடிக்கு 110 அதிர்வுகள் தரும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அதுவே 220 ஆகிறது.

சுருதி சேர்ப்பதற்குக் கைப்பேசியில் செயலிகள் உள்ளன. ஆயினும் காதால் சேர்க்கவும் பழகுங்கள். தடித்த இ தந்தியை ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் வரும் ஒலியும், திறந்த ஏ தந்தியின் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். இவ்வாறே ஏ தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் டியும், டி தந்தியின் ஐந்தாவதில் ஜியும், ஜி தந்தியின் நான்காவதில் பியும், பி தந்தியின் ஐந்தாவதில் மெல்லிய இ-யும் கிடைக்கும். ஜி தந்தியில் மட்டும் நான்கு என்பதை மறவாதீர்கள்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் ஒரு சொல். தகரக் கூரையின் கீழும், சன்னலோர வெயிலிலும் கிட்டாரை வைத்தால் மரம் வளையும். ஒட்டிய பசை இளகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை உண்டு சுருதி அடிக்கடி மாறும். ஆகையால் வீட்டின் உள்ளறையில், வெயிலும் ஈரமும் படாத இடத்தில், ஆனால் கண்ணில் படும்படி வையுங்கள். உறைக்குள் அடைத்துப் பரண்மேல் ஏற்றிய கிட்டார் நம்மை அழைக்காது. வாசித்து முடித்தவுடன் தந்திகளைப் பருத்தித் துணியால் துடைத்துவிட்டால் அவை நெடுநாள் உழைக்கும்.

நாள்தோறும் இருபது நிமிடம்

இருபது நிமிடத்தை நான்காகப் பகுத்துக்கொள்ளுங்கள்.

முதல் 3 நிமிடம்: சுருதி சேர்த்தல், நான்கு விரல்களையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் வரிசையாக வைத்து மெதுவாக எழுப்பும் விரற்பயிற்சி.

அடுத்த 7 நிமிடம்: புதிய பாடம். பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்வதைக் கார்டு என்கிறோம். புதிய கார்டையோ, ஒரு கார்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதையோ இந்நேரத்தில் பழகுங்கள்.

அடுத்த 7 நிமிடம்: இப்போது கற்றுவரும் பாடல். முழுப் பாடலையும் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டாம். தடுமாறும் இரண்டு அடிகளை மட்டும் எடுத்து, பிழையின்றி வரும்வரை மெதுவாக வாசியுங்கள்.

கடைசி 3 நிமிடம்: உங்களுக்கு ஏற்கெனவே நன்றாக வந்துவிட்ட ஏதேனும் ஒன்று. பயிற்சி மகிழ்ச்சியில் முடிந்தால்தான் மறுநாள் கை தானாகக் கருவியை நாடும்.

தாளத்துக்கு மெட்ரோனோம் என்னும் கருவி உதவும். 1815-ஆம் ஆண்டில் யோகான் மெல்செல் என்பவர் உரிமம் பெற்ற இக்கருவி, இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்குங்கள். மூன்று முறை தொடர்ந்து பிழையின்றி வந்தால் 64-க்கு உயர்த்துங்கள். வராவிட்டால் 56-க்கு இறங்குங்கள். அதில் வெட்கம் ஏதுமில்லை. வேகமாகத் தவறுடன் பழகினால், அந்தத் தவறும் சேர்ந்தே பழகிவிடும். பின்னர் அதை நீக்குவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

ஆண்டின் பகுப்பு

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் பெரியோர் வாக்கு. மானாவாரி நிலத்தில் உழைக்கும் நம் பகுதி உழவர்கள், பருவம் தவறினால் விளைச்சல் இல்லை என்பதை நன்கு அறிவர். பயிற்சிக்கும் பருவங்கள் உண்டு.

ஜூன், ஜூலை மாதங்கள் விதைக்கும் காலம். கருவியைப் பிடிக்கும் முறை, நேராக அமரும் முறை, சுருதி சேர்த்தல் ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். கார்டுகளில் இ மைனரை முதலில் எடுங்கள். அதற்கு இரண்டு விரல்களே போதும். பிறகு ஜி, டி, சி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூலை முடிவில் இந்நான்கும் தெளிவாக ஒலித்தால் போதும். வேகம் வேண்டாம்.

ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் கை மாற்றுவதைப் பழக வேண்டும். ஜி-யிலிருந்து சி-க்கு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை தெளிவாக மாற முடிகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். முதல் நாள் எட்டோ பத்தோ இருக்கலாம். நாளடைவில் முப்பதைத் தாண்டும். ஆகஸ்டு 15 அன்னையின் விண்ணேற்பு விழா. செப்டம்பர் 8 அன்னையின் பிறந்த நாள். செப்டம்பர் 8-க்குள் ஓர் எளிய மாதா பாடலை முழுமையாக வாசிப்பது இப்பருவத்தின் இலக்கு. காலாண்டுத் தேர்வு நாள்களில் பத்து நிமிடமே போதும். அறவே விட்டுவிடாதிருப்பதுதான் முக்கியம்.

அக்டோபர் தொடங்கி நவம்பர் 22 வரை உள்ள ஏழு வாரங்களே ஆண்டின் இதயம். நான் மாணவியாக இருந்தபோது செய்த தவறு இங்கேதான். கிறிஸ்துமஸ் பாடல்களை டிசம்பரில் கற்கலாம் என்று எண்ணினேன். டிசம்பரோ அரையாண்டுத் தேர்வுக்கு உரிய மாதம். எனவே விழா நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். டிசம்பர் 24 இரவில் வாசிக்க வேண்டும். அதற்கு முந்தைய வாரங்கள் தேர்வுக்குரியவை. அப்படியானால் நவம்பர் முடியும் முன்னரே பாடல்கள் கையில் இருந்தாக வேண்டும். நவம்பர் 22 இசைக் கலைஞரின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள். இதைவிடப் பொருத்தமான எல்லைக்கல் நமக்கு வேறு ஏது? நான்கு கிறிஸ்துமஸ் பாடல்களைத் தேர்ந்தெடுத்து, ஜெபமாலை மாதமாகிய அக்டோபரிலேயே தொடங்கி, அத்திருநாளன்று வீட்டார் முன்னிலையிலோ பொறுப்புச் சகோதரியின் முன்னிலையிலோ நிறுத்தாமல் வாசித்துக் காட்டுங்கள். பிழை வந்தாலும் நிற்காமல் தொடர்வதும் ஒரு பயிற்சியே. 'சைலன்ட் நைட்' பாடலை ஜி, சி, டி என்னும் மூன்று கார்டுகளில் வாசிக்கலாம். அதன் தாளத்தை ஓர் அளவுக்கு ஆறாக எண்ணி, முதல் தட்டுக்கும் நான்காம் தட்டுக்கும் சற்று அழுத்தம் கொடுங்கள். தொட்டிலாட்டும் அசைவு தானாக வரும்.

டிசம்பரில் புதிதாக எதையும் கற்க வேண்டாம். நாள்தோறும் பத்து நிமிடம், கற்ற பாடல்களை ஒருமுறை வாசித்து வைத்தால் போதும். இது திருவருகைக் காலம். உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிகளும் (எண் 313) இக்காலத்தில் இசைக்கருவிகளை அளவோடு பயன்படுத்தும்படி கூறுகின்றன. அடக்கமாக வாசிக்கப் பழகுவதற்கு இது ஏற்ற காலம்.

ஜனவரி முதல் தவக்காலத் தொடக்கம் வரை புதியன கற்கும் பருவம். ஏ மைனர் கார்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வில்லையால் வருடுவதோடு நில்லாமல், பெருவிரலால் தடித்த தந்திகளையும், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றால் மெல்லிய தந்திகளையும் தனித்தனியே மீட்டிப் பழகுங்கள். ஒரு விரலைக் குறுக்கே படுக்கவைத்து அழுத்தும் எஃப் கார்டு பலரையும் அழவைத்திருக்கிறது. நாள்தோறும் இரண்டு நிமிடம் மட்டும் அதற்கு ஒதுக்குங்கள். ஒரு வாரத்தில் வரவேண்டும் என்று அதனோடு போராட வேண்டாம். பாடுவோரின் சுருதி உயர்வாக இருந்தால் கழுத்தில் கேப்போ என்னும் கவ்வியைப் பூட்டலாம். இரண்டாம் ஃப்ரெட்டில் பூட்டி ஜி-யின் விரல் வடிவை வைத்தால் ஏ ஒலிக்கும்.

பின்னர் திருநீற்றுப் புதன். தவக்காலத்தில், அதன் நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் நீங்கலாக, இசைக்கருவிகள் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே ஒலிக்க வேண்டும் என்பது அதே 313-ஆம் எண்ணின் விதி. ஆண்டுத் தேர்வும் அரசுப் பொதுத் தேர்வும் நெருங்கி வருவதும் இக்காலத்தில்தான். கருவி அடங்கி ஒலிக்கும் காலமும் நாம் பாடநூலுக்குத் திரும்பும் காலமும் ஒன்றாக அமைந்தது நமக்குக் கிடைத்த வசதி! பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் ஜனவரியிலிருந்தே பத்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம். நெடுநேரம் படித்துக் களைத்த மாலையில் அந்தப் பத்து நிமிடம் மனத்துக்கு ஓய்வாகவும் அமையும். உயிர்ப்புத் திருவிழிப்பில் பாட வேண்டிய பாடல்களை மட்டும் தவக்காலம் தொடங்கும் முன்னரே கற்று வைத்துவிடுங்கள். முன் சொன்ன பின்னோக்கி எண்ணும் முறை இங்கும் பொருந்தும்.

தேர்வுகள் முடிந்தபின் வரும் கோடை விடுமுறை அறுவடைக் காலம். ஆண்டு முழுவதும் கற்ற பாடல்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றையும் வாசித்துப் பாருங்கள். அத்துடன் ஒரு தங்கைக்கோ பக்கத்து வீட்டுச் சிறுமிக்கோ அந்த முதல் இ மைனரைக் கற்றுக்கொடுங்கள். பிறருக்குக் கற்பிக்கும்போதுதான் நாம் கற்றது எவ்வளவு என்பது நமக்கே விளங்கும்.

பயிற்சிக் குறிப்பேடு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, வாசித்த நிமிடம், வாசித்தது, நாளை கவனிக்க வேண்டியது ஆகிய நான்கையும் ஒரே வரியில் எழுதுங்கள். பெரம்பலூரிலிருந்தோ அரியலூரிலிருந்தோ வாரம் ஒருமுறை திருச்சிக்குச் சென்று ஆசிரியரைக் காணும் மாணவிக்கு இந்நோட்டு மிகவும் பயன்படும். வாரம் முழுவதும் எழுந்த ஐயங்களை அதில் குறித்து எடுத்துச் சென்றால், அந்த ஒரு மணி நேரம் வீணாகாது. காணொளி பார்த்துக் கற்போரும் ஒரு வாரத்துக்கு ஒரு பாடம் என்று வரையறுத்துக்கொள்வது நலம். இல்லாவிடில் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும், விரல் கற்காது.

திட்டம் இடையில் முறிந்தால் என்ன செய்வது? இழந்த நாள்களை ஈடுசெய்ய முயலாதீர்கள். பத்து நாள் விட்டுப்போனால் பதினோராம் நாள் இருநூறு நிமிடம் வாசிக்க வேண்டியதில்லை. வழக்கமான இருபது நிமிடத்துக்கே திரும்புங்கள். எளிதான பாடத்தில் தொடங்குங்கள். விழுவது குற்றமன்று, ஆணியில் மாட்டிவிட்டு மறப்பதே இழப்பு.

முறையான தேர்வு எழுத விரும்புவோருக்கு லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார்த் தேர்வுகள் உள்ளன. தொடக்க நிலையும் அதற்கு மேல் எட்டு நிலைகளும் உண்டு. அத்தேர்வில் 100 மதிப்பெண்களில் 66 மூன்று பாடல்களுக்கும், 14 விரற்பயிற்சி போன்ற நுட்பங்களுக்கும், 20 துணைச் சோதனைகளுக்கும் உரியவை; தேர்ச்சிக்கு 60 வேண்டும். மூன்று பாடல்களை நன்கு வாசிப்பதற்கே மூன்றில் இரு பங்கு மதிப்பெண் என்பதை நோக்குங்கள். பத்துப் பாடல்களை அரைகுறையாகக் கற்பதைவிட, மூன்றைச் செவ்வையாகக் கற்பது மேல்.

நமக்கு முன் நடந்தவர்கள்

மெல்லக் கற்றுப் பெரிது செய்தோருக்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா திருத்தலத்தை அறியாதவர் நம்மில் இல்லை. அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டிப் பணியாற்றிய வீரமாமுனிவர் 1680-ஆம் ஆண்டில் இத்தாலியில் பிறந்தவர். முப்பது வயதளவில் இந்நாட்டுக்கு வந்தபோது தமிழ் அவருக்கு அயல்மொழி. எழுத்துகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கற்றார். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் சென்றபின், 1726-இல் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி நிறைவுற்றது. 1732-இல் சதுரகராதி வந்தது. அந்த நூல்களின் பெருமையைப் பேசும் நாம், அவற்றுக்கு முன்னிருந்த பதினைந்து ஆண்டுப் பயிற்சியையும் நினைக்க வேண்டும்.

கிட்டாருக்கே ஒரு சான்று வேண்டுமானால் இசையமைப்பாளர் இளையராஜா இருக்கிறார். பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் பிறந்து, 1968-இல் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையைப் பயின்றவர். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கிட்டார்த் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்றவர். 1976-இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன், பிற இசையமைப்பாளர்களின் குழுவில் கிட்டார் வாசிப்பவராகவும் உதவியாளராகவும் உழைத்தவர். 2025-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் லண்டனில் அவருடைய சிம்பொனி ஒலித்தது. சிற்றூரில் பிறந்தது அவருக்குத் தடையாகவில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோரே, மகள் வாசிக்கும் அந்த இருபது நிமிடத்தில் தொலைக்காட்சியின் ஒலியைச் சற்றுக் குறையுங்கள். "எப்போது பாட்டு வாசிப்பாய்?" என்று முதல் மாதத்தில் கேளாதீர்கள். "நேற்று வராத இடம் இன்று வருகிறதா?" என்று கேளுங்கள். உறவினர் வந்ததும் "வாசித்துக் காட்டு" என்று வற்புறுத்துவதையும் தவிருங்கள். படிப்புக்கு இது இடையூறு என்று அஞ்ச வேண்டாம். நாள்தோறும் ஒரு சிறு கடமையை எவரும் சொல்லாமலே செய்யப் பழகிய பெண், பாடத்தையும் அவ்வாறே செய்வாள்.

மாணவியரே, இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் நாட்காட்டியை எடுங்கள். முதலில் டிசம்பர் 24-ஐ வட்டமிடுங்கள். பின்னர் நவம்பர் 22-ஐ வட்டமிடுங்கள். தேர்வு வாரங்களைக் கோடிட்டுக் குறையுங்கள். மீதியுள்ள நாள்களில், மாலை செபத்துக்கு முன்னோ பின்னோ, இருபது நிமிடத்தை உறுதிசெய்யுங்கள். பிறகு ஆணியில் தொங்கும் கிட்டாரை இறக்கி, தூசியைத் துடைத்து, சுருதி சேருங்கள்.

அந்த நள்ளிரவில் நான் பாதியில் கையை எடுத்தேன். வரும் கிறிஸ்துமஸ் இரவில் உங்கள் கை கடைசிச் சரணம் வரை தந்தியின்மேல் இருக்கட்டும். உங்களை நம்பிப் பாடற்குழு பாடட்டும். புனித செசிலியா உங்களுக்காக வேண்டிக்கொள்வாராக!